முதல் கட்டாவை இரண்டு பேராகப் பழகுவது எப்படி?

கராத்தே வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்கு முதலில் பல மாதங்கள் கட்டா மட்டும், அதாவது தனியாக நின்று வரிசையாகச் செய்யும் அசைவுகளை மட்டும், சொல்லித்தருவார்கள். பிறகு ஒருநாள் எதிரில் ஓர் ஆளை நிறுத்தி, "இனி குமித்தே", அதாவது இருவர் மோதும் பயிற்சி, என்பார்கள். அதுவரை கட்டாவில் விறுவிறுவென்று கை வீசிய பிள்ளை, எதிரில் ஆள் வந்ததும் திகைத்து நின்றுவிடும். கட்டா வேறு, சண்டை வேறு என்ற எண்ணம் அன்றைக்கே மனத்தில் ஊன்றிவிடும். அதைப் பிடுங்கி எறிவது பெரும் பாடு.

தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் நான் ஷோட்டோகான் பாணியில் வகுப்பு நடத்துகிறேன். என்னிடம் வரும் பிள்ளைகள் கட்டாவின் முதல் அசைவைக் கற்ற அன்றே அதை இன்னொருவர் கையைப் பிடித்துப் பழக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. கட்டாவில் ஒவ்வொரு அசைவும் எதிராளியின் உடம்பை மனத்தில் வைத்து உண்டானது. அந்த உடம்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கை வீச்சு.

வகுப்பில் சேர்ந்து ஓரிரு மாதங்கள் ஆனவர்கள், வீட்டில் அண்ணன் தங்கையாகவோ நண்பர்களாகவோ சேர்ந்து பழகுவதற்காக இதை எழுதுகிறேன். உங்கள் மாஸ்டர் சொல்லித்தரும் முறையில் சிறு வேறுபாடு இருந்தால் அவர் சொல்வதையே பின்பற்றுங்கள்.

எங்கிருந்து வந்தது

வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோர் தவறாமல் கேட்பது போதிதர்மரைப் பற்றி. காஞ்சிபுரத்திலிருந்து போன நம்மவர்தானே இதையெல்லாம் சீனர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். அவருக்கும் தற்காப்புக் கலைக்கும் முடிச்சுப் போடும் சீன எழுத்து 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிற்பட்டது. ஆய்வாளர்கள் அதை வரலாற்றுச் சான்றாக ஏற்பதில்லை. நமக்குச் சிலம்பம் இருக்கிறது, வர்மம் இருக்கிறது. கராத்தேயைத் தேடிக் காஞ்சிக்குப் போக வேண்டிய தேவை இல்லை. நாம் கற்கும் கட்டா பிறந்த இடம் தெளிவாகத் தெரியும்: ஒகினாவா.

ஒகினாவா முன்பு ரியூக்யூ என்ற தனி அரசாக இருந்தது. சீனாவோடு வணிக உறவு வைத்திருந்த தீவுகள் அவை. 1879இல் ஜப்பான் அதை ஒரு மாவட்டமாக இணைத்துக்கொண்டது. அதுவரை ஒன்றிரண்டு சீடர்களுக்கு, வெளியே தெரியாமல் கற்றுத்தரப்பட்ட கலையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் ஷூரி நகரத்து ஆசான் அங்கோ இட்டோசு (1831–1915). 1901இல் ஷூரியின் தொடக்கப் பள்ளியிலும், 1905 முதல் நடுநிலைப் பள்ளியிலும் கராத்தே பாடமானது. 1908இல் இந்தக் கலையின் பயன்களைப் பத்துக் கூறுகளாக எழுதிக் கல்வித் துறைக்கு அவர் அனுப்பிய கடிதம் இன்றும் கிடைக்கிறது.

பழைய கட்டாக்கள் நீளமானவை, சிறுவர்களுக்குக் கடினமானவை. ஆகவே இட்டோசு பினான் என்ற பெயரில் ஐந்து சிறிய கட்டாக்களை அமைத்தார். குசாங்கு என்ற பழைய பெரிய கட்டாவின் அசைவுகள் பலவற்றை இவற்றில் காணலாம். அவருடைய மாணவர் கிச்சின் ஃபுனாகோஷி (1868–1957) 1922இல் டோக்கியோ சென்று கராத்தேயைச் செய்துகாட்டி, அங்கேயே தங்கிக் கற்பிக்கத் தொடங்கினார். பினான் வரிசைக்கு ஹெயான் என்று பெயர் மாற்றியவர் அவர்தான். முதல் இரண்டையும் இடம் மாற்றியவரும் அவரே. இட்டோசு இரண்டாவதாக வைத்த கட்டாவே இன்று ஷோட்டோகான் பிள்ளைகள் முதலில் கற்கும் ஹெயான் ஷோடான். அது எளிது என்பதால் செய்த மாற்றம், சரியான மாற்றம். ஷிட்டோ ரியூ, வாடோ ரியூ பாணிகளில் இன்னும் பினான் என்ற பெயர்தான். பக்கத்துத் தெரு வகுப்பில் படிக்கும் பிள்ளையோடு உங்கள் பிள்ளைக்கு வரும் "முதல் கட்டா எது?" என்ற வாக்குவாதத்துக்குக் காரணம் இதுதான். இருவர் சொல்வதும் சரி.

ஒரு பள்ளித் திடலில் வரிசை வரிசையாக நிற்கும் சிறுவர்களுக்கு, எதிராளியின் கழுத்தையும் முழங்கையையும் என்ன செய்வது என்று ஓர் ஆசிரியரால் சொல்லித்தர முடியாது. எண்ணிக்கைக்கு ஏற்ப அசைய வைக்கத்தான் முடியும். கட்டாவும் ஆளும் பிரிந்தது அங்கேதான். பழைய வழி அடியோடு மறைந்துவிடவில்லை. ஒகினாவாவின் மோட்டோபு சோக்கி 1926இல் வெளியிட்ட புத்தகத்தில் இரண்டு பேர் நெஞ்சோடு நெஞ்சாக நின்று, கையைப் பிடித்து இழுத்துச் செய்யும் பயிற்சிகள் புகைப்படங்களோடு இருக்கின்றன. அந்த நெருக்கத்தைத்தான் மாடியில் நாம் மீட்டுக்கொள்ளப் போகிறோம்.

தொடங்குவதற்கு முன்

இடம் நான்கைந்து மீட்டர் நீள அகலம் இருந்தால் போதும். தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, செங்கல் அடுக்கு இவற்றிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நில்லுங்கள். கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக் கீழே இருக்கும் மாடியில் இருவர் பயிற்சி வேண்டாம். தெரு முனையில் உள்ள மாநகராட்சித் திடலுக்குப் போய்விடுங்கள். காலை ஏழு மணிக்குள் முடிப்பது நல்லது. அதற்கு மேல் சிமென்ட் தரை பாதத்தைச் சுடும். மாலையில் கடற்காற்று வந்த பிறகு தரையில் ஈரப்பசை ஏறும். ஒரு துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

நகம் வெட்டியிருக்க வேண்டும். வளையல், கொலுசு, மோதிரம், கழுத்துச் சங்கிலி, தலையில் குத்திய ஊக்கு எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள். சின்னப் பையன்களின் கையில் கட்டியிருக்கும் கயிறு பார்க்க மென்மையாக இருக்கும். பிடித்து இழுக்கும் பயிற்சியில் அதுவே தோலை அறுக்கும். அவிழ்க்க வீட்டில் சம்மதிக்காவிட்டால் மணிக்கட்டுப் பட்டை போட்டு மூடுங்கள்.

இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு சொல் வேண்டும். நாங்கள் "போதும்" என்போம். யார் சொன்னாலும் அந்த நொடியே கையை விட வேண்டும். பேச முடியாத நிலையில் இருந்தால் எதிராளியின் உடம்பில் இரண்டு முறை தட்ட வேண்டும். அண்ணன் தம்பிகள் சேர்ந்து பழகும் வீட்டில் இந்த விதி தளர்ந்தால் அன்றைய வகுப்பை அத்தோடு முடித்துவிடுங்கள்.

நிற்பது

முதல் கட்டாவுக்கு இரண்டு நிலைகள் தேவை. முன்நிலை, அதாவது ஸென்குத்சு தாச்சி: தோள் அகலம் விட்டு, அதைப்போல் இரண்டு மடங்கு நீளத்தில் ஒரு காலை முன்னே வைத்து, முன் முழங்காலை மடக்கி, பின் காலை நீட்ட வேண்டும். உடல் எடையில் ஏறக்குறைய 60 பங்கு முன்காலிலும் 40 பங்கு பின்காலிலும் இருக்கும். முன் முழங்கால் உள்பக்கம் சாயக்கூடாது. கால்விரல்களுக்கு நேராக இருக்க வேண்டும். பின்நிலை, கோகுத்சு தாச்சி: இரண்டு குதிகாலும் ஒரே கோட்டில் இருக்கும், எடையில் 70 பங்கு பின்காலில் இருக்கும்.

பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு, முன்நிலையில் இரண்டு காலையும் ஒரே கோட்டில் வைப்பது. இதைத் திருத்தப் பேசிப் பயனில்லை. துணைவரை அழைத்து, தோளைப் பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள். கோட்டில் நிற்பவர் உடனே சரிவார். அகலம் விட்டு நிற்பவர் அசையமாட்டார். பின்நிலைக்கும் இதுபோல் ஒரு சோதனை உண்டு: துணைவர் உங்கள் முன்பாதத்தைத் தொட்டவுடன் அதைத் தரையிலிருந்து எடுங்கள். உடம்பு முன்னும் பின்னும் ஆடாமல் எடுக்க முடிந்தால் எடை சரியாக இருக்கிறது.

கட்டாவின் வழித்தடம்

ஹெயான் ஷோடானில் 21 அசைவுகள். திசை குழம்புவதுதான் தொடக்கத் தொல்லை. "இடப்பக்கம் 90 பாகை" என்று சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. நான் ஊரைக் கொண்டு சொல்லித்தருகிறேன். கடலைப் பார்த்து நில்லுங்கள். இப்போது இடக்கைப் பக்கம் திருவொற்றியூர், வலக்கைப் பக்கம் ராயபுரம், முதுகுக்குப் பின்னால் கொருக்குப்பேட்டை. இனி கட்டா இப்படிப் போகும்.

திருவொற்றியூர் பக்கம் திரும்பி இடக்கையால் கீழ்த்தடுப்பு (கெடான் பராய்), ஓர் அடி முன்னே வந்து வலக்கைக் குத்து (ஓய் ஸுக்கி). அப்படியே வலப்பக்கமாகச் சுற்றி ராயபுரம் பக்கம் வலக்கைக் கீழ்த்தடுப்பு. முன்காலைச் சற்று உள்ளே இழுத்து, வலக்கையைப் பெரிய வட்டமாகச் சுற்றி, மூடிய முட்டியின், அதாவது விரல் மடக்கிய கையின், அடிப்பக்கத்தால் மேலிருந்து கீழே அடி, பிறகு ஓர் அடி முன்னே வந்து இடக்கைக் குத்து. இதுவரை ஐந்து.

கடல் பக்கம் திரும்பி இடக்கைக் கீழ்த்தடுப்பு. முன்னேறிக்கொண்டே வலம், இடம், வலம் என்று மூன்று மேல்தடுப்பு (அகே உகே). மூன்றாவதில் கியாய், அதாவது வயிற்றிலிருந்து எழும் முழக்கம். இது ஒன்பதாவது அசைவு.

இப்போது வலக்காலில் ஊன்றி, இடக்காலைப் பின்புறமாகச் சுற்றி முக்கால் வட்டம் திரும்பினால் ராயபுரம். இடக்கைக் கீழ்த்தடுப்பு, வலக்கைக் குத்து. எதிர்ப்பக்கம் திருவொற்றியூர்: வலக்கைக் கீழ்த்தடுப்பு, இடக்கைக் குத்து. பிறகு கொருக்குப்பேட்டை பக்கம் இடக்கைக் கீழ்த்தடுப்பு. வலம், இடம், வலம் என்று மூன்று குத்து. மூன்றாவதில், அதாவது பதினேழாவது அசைவில், மீண்டும் கியாய்.

மிச்சம் நான்கும் கத்திக்கைத் தடுப்பு (ஷுட்டோ உகே), பின்நிலையில். மறுபடியும் முக்கால் வட்டம் சுற்றி, திருவொற்றியூரைப் பார்த்து இடக்கை. அங்கிருந்து கடல் பக்கமாகக் கால் வட்டத்தில் பாதி மட்டும் திரும்பி, மூலை நோக்கி ஓர் அடி வைத்து வலக்கை. வலக்காலை எடுத்து ராயபுரம் பக்கம் வைத்து வலக்கை. மறுபடி கடலை ஒட்டிய மூலைக்கு இடக்கை. இடக்காலை இழுத்துக்கொண்டு கடலைப் பார்த்து நில்லுங்கள். தொடங்கிய இடத்திலேயே நிற்பீர்கள். இல்லாவிட்டால் உங்கள் அடிகள் ஒரே நீளத்தில் இல்லை என்று பொருள்.

ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இது அதிகம். அவர்கள் டைக்யோகு ஷோடானிலிருந்து தொடங்கலாம். இதே வழித்தடம்தான், கீழ்த்தடுப்பும் குத்தும் மட்டும், 20 அசைவுகள். ஃபுனாகோஷியின் காலத்தில், ஹெயானுக்கும் முந்திய படியாக அமைக்கப்பட்டது.

இழுக்கும் கை

இந்த ஊர் குத்துச்சண்டை பார்த்து வளர்ந்த ஊர். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகளின் பெயரைச் சொன்னால் இன்றும் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒரு மாணவியின் தாத்தா, இளமையில் கையுறை மாட்டியவர், தினமும் படிக்கட்டின் மேல்படியில் உட்கார்ந்து வகுப்பைப் பார்ப்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்: "ஏம்மா, ஒரு கையால் குத்தும்போது மற்றக் கையை இடுப்பில் கொண்டுபோய் வைக்கச் சொல்கிறாயே, முகத்தை யார் பார்த்துக்கொள்வது?"

அருமையான கேள்வி. கட்டாவைத் தனியாக மட்டும் பழகினால் இதற்கு விடையே கிடையாது. நான் அவரிடம் போய், "தாத்தா, உங்கள் கையைக் கொடுங்கள்" என்று கேட்டு, மணிக்கட்டைப் பிடித்து என் இடுப்புக்கு இழுத்தேன். அவர் தோள் முன்னே வந்தது; முகமும் கூடவே வந்தது. என் மற்றொரு முட்டி அவர் தாடைக்கு முன்னால் நின்றது. "ஓ, பிடித்துக்கொண்டு அடிப்பதா? எங்கள் ஆட்டத்தில் இதற்கு அனுமதி கிடையாது" என்றார். அவ்வளவுதான் விஷயம். இடுப்புக்கு வரும் கை வெறுங்கையாக வருவதில்லை. எதிராளியின் கையையோ சட்டையையோ பிடித்துக்கொண்டு வருகிறது. ஹிகிதே என்பது இது. பிடிக்க எதுவும் இல்லாத தூரத்தில் கை முகத்துக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். இதைப் புரிந்துகொண்ட பிள்ளை கட்டா செய்யும்போது, இடுப்புக்கு வரும் கையின் வேகமே மாறிவிடும்.

இருவர் பயிற்சி: கீழ்த்தடுப்பும் குத்தும்

எதிரெதிரே நில்லுங்கள். துணைவர் தன் வலக்கையால் உங்கள் இடது மணிக்கட்டைப் பிடிக்கட்டும். கெடான் பராய் தொடங்கும்போது இடக்கை முட்டி வலக்காதருகே போகும் அல்லவா? அதையே செய்யுங்கள். அவர் கை உங்கள் கையோடு சேர்ந்து குறுக்கே வரும். வலக்கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். இனி வலக்கை இடுப்புக்கு இழுக்க, இடது முன்கை பிடியிலிருந்து விடுபட்டு, அவர் மேற்கையின் மீது கீழ்நோக்கிப் படியும். அவர் உடம்பு முன்னே குனியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முன்கையை நேராக அவர் முழங்கை மூட்டின் மீது வைத்து அழுத்தாதீர்கள். மூட்டுக்கு நான்கு விரல் மேலே, சதைப் பகுதியில் வையுங்கள். வேகம் வேண்டாம். நான்கு எண்ணும் நேரத்துக்கு ஒரு முறை போதும்.

அடுத்து, படிந்த இடக்கையாலேயே அவர் சட்டைக் கையைப் பற்றி இடுப்புக்கு இழுத்துக்கொண்டு, வலக்காலால் ஓர் அடி முன்னேறி, வலக்கைக் குத்து. அவர் நெஞ்சுக்கு இரண்டு விரல் முன்னால் முட்டி நிற்க வேண்டும். கட்டாவின் முதல் இரண்டு அசைவுகள் இவை. இடமும் வலமும் ஐந்தைந்து முறை செய்து, பிறகு ஆள் மாறுங்கள்.

பிடி விடுவித்தல்

நான்காவது அசைவைத்தான் பிள்ளைகள் மிகவும் விரும்புகிறார்கள். துணைவர் உங்கள் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கட்டும். கையை மட்டும் இழுத்துப் பாருங்கள். பலசாலியிடம் வராது. இப்போது முன்காலை உள்ளே இழுங்கள். உடம்பு முழுவதும் பின்வாங்கும்போது கையும் கூடவே வரட்டும். எந்தப் பக்கம் இழுப்பது என்பது முக்கியம்: அவருடைய கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடைவெளி வழியாக. பிடியில் பலம் குறைந்த இடம் அது ஒன்றுதான்.

மீன்பிடித் துறைமுகத்தில் வேலை செய்யும் ஓர் அண்ணன் தன் மகளை அழைத்துவர வந்தபோது அவரையே பிடிக்கச் சொன்னேன். ஐஸ் பெட்டி தூக்கித் தூக்கி இறுகிய கை. பத்து வயது மகள் முதலில் கையை ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. பிறகு காலை இழுத்து, கட்டைவிரல் பக்கமாகக் கையைச் சுற்றினாள். விடுபட்டது. அவர் மறுபடியும் பிடித்தார், இன்னும் அழுத்தமாக. மறுபடியும் விடுபட்டது. "அப்பா, வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தீர்களா?" என்று கேட்டாள். இல்லை என்று அவர் தலையாட்டினார்.

கை விடுபட்டதும் வட்டமாகச் சுற்றிவந்து முட்டியின் அடிப்பக்கம் விழுகிறதே, அதைத் துணைவர் மேல் அடிக்காதீர்கள். அவர் மற்றொரு கையில் மடித்த துண்டு ஒன்றைத் தோள் உயரத்தில் பிடித்துக்கொள்ளட்டும். அதில் அடியுங்கள். சத்தம் 'தப்' என்று கேட்க வேண்டும்.

மூன்று மேல்தடுப்பு, மூன்று தாக்குதல்

இங்கே சன்போன் குமித்தே என்ற மூன்றடிப் பயிற்சியை நுழைக்கலாம். முன்கூட்டியே தீர்மானித்த இருவர் பயிற்சிகளில் எல்லோருக்கும் தெரிந்தது ஐந்தடிப் பயிற்சியான கோஹோன் குமித்தே. ஆனால் அதற்கு ஏழெட்டு மீட்டர் நீளம் வேண்டும். நம் மாடிகளில் ஐந்தாவது அடிக்குத் தண்ணீர்த் தொட்டி வந்துவிடும். ஐந்தடியைத் திடலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இருவரும் வணங்கி எதிரெதிரே நில்லுங்கள். தாக்குபவர் வலக்காலைப் பின்வாங்கி, இடக்கைக் கீழ்த்தடுப்பில் நின்று, "ஜோடான்" என்று உரக்க அறிவிக்க வேண்டும். முகத்துக்குக் குத்து வருகிறது என்று பொருள். அவர் வலம், இடம், வலம் என்று முன்னேறி மூன்று குத்து விட, தடுப்பவர் வலக்காலிலிருந்து தொடங்கிப் பின்வாங்கியபடியே இடம், வலம், இடம் என்று மேல்தடுப்பு செய்வார். மூன்றாவது தடுப்பு முடிந்த கணமே, பின்காலைத் தரையில் ஊன்றி, வலக்கையால் எதிர்க்குத்து (கியாகு ஸுக்கி), கியாயோடு. வயிற்றுக்குக் குத்துவதாக இருந்தால் "சூடான்" என்று அறிவித்து அதேபோல். அப்போது தடுப்பு வெளியிலிருந்து உள்ளே வரும் சோட்டோ உகே.

தாக்குபவர்தான் இந்தப் பயிற்சியின் உயிர். அவர் குத்து, தடுக்காவிட்டால் மூக்கைத் தொடும் கோட்டில் வர வேண்டும். துணைவர் மேல் இரக்கப்பட்டுத் தோளுக்கு மேலே காற்றில் குத்தும் பிள்ளைகள் நிறைய. அப்படிச் செய்தால் தடுப்பவர் எதையும் கற்பதில்லை. கோடு சரியாக இருக்கட்டும், வேகத்தைக் குறையுங்கள். தொடக்கத்தில் முட்டி ஒரு சாண் தொலைவில் நிற்கும்படி இடைவெளி வையுங்கள், பிறகு வாரத்துக்கு வாரம் குறையுங்கள். மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் கழற்றிவிட வேண்டும்.

இது பழகிய பிறகு அதே மேல்தடுப்பைக் கட்டாவில் உள்ளபடி முன்னேறிச் செய்து பாருங்கள். கட்டாவில் நாம் பின்வாங்கவே இல்லை. கடல் பக்கமாக மூன்று அடி முன்னேதான் போகிறோம். ஏன்? ஆறாவது அசைவின் முடிவில் இடக்கையை விரித்து மேலே தூக்குகிறோம், பிறகுதான் வலக்கை எழுகிறது. வரும் குத்தை விரிந்த இடக்கை தட்டிவிடுகிறது. அதே கை பற்றி இழுக்க, வலது முன்கை அவர் தாடைக்கு அடியில் ஏறுகிறது. தடுப்பு என்று பெயர் வைத்திருந்தாலும் வேலை செய்வது தாக்குதலாக. இதை முழு மெதுவில், முன்கையை அவர் நெஞ்சின் மேல்பகுதியில் நிறுத்திச் செய்யுங்கள். தொண்டைக்கு அருகே கொண்டுபோகாதீர்கள்.

சுற்றும் இடங்கள்

முக்கால் வட்டத் திருப்பம் கட்டாவில் இரண்டு முறை வருகிறது. எதிராளியின் கையைப் பிடித்தபடி அப்படித் திரும்பினால் அவர் உங்கள் இடுப்பைச் சுற்றி இழுபட்டுச் சாய்வார் என்பதைப் பெரிய மாணவர்களுக்குக் காட்டுகிறேன். சாயும் வரை மட்டும். சிமென்ட் தரையில் யாரையும் வீழ்த்தக்கூடாது. விழப் பழகாதவர்களை மெத்தைத் தரையில்கூட வீழ்த்தக்கூடாது.

கத்திக்கைத் தடுப்புக்குப் பயிற்சி எளிது. துணைவர் மெதுவாக நடுக்குத்து விட, நீங்கள் நேர்கோட்டில் பின்வாங்காமல் மூலைவாட்டில் விலகிப் பின்நிலையில் அமருங்கள். கட்டாவின் கடைசியில் அந்த மூலை அடிகள் இருப்பது இதற்குத்தான். முன்கையின் விளிம்பு அவர் முன்கையைத் தொட வேண்டும்; அதற்கு மேல் வலு தேவையில்லை. கை முந்திக் கால் பிந்தினால் தடுப்பு நிற்காது. இரண்டும் ஒரே நேரத்தில் முடிகிறதா என்று துணைவர் காதால் கேட்டுச் சொல்லலாம்: பாதம் பதியும் ஒலியும் கைகள் மோதும் ஒலியும் ஒன்றாகக் கேட்க வேண்டும்.

எப்படிப் பிரித்துப் பழகுவது

ஒரு மணி நேரம் இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பைச் சூடாக்கப் பத்து நிமிடம். அன்றைய கட்டாப் பகுதியைத் தனியாக, மெதுவாக, எண்ணிக்கையோடு பத்து நிமிடம். பிறகு அரை மணி நேரம் அதே பகுதி துணைவரோடு. கடைசியில் துணைவர் ஒதுங்கி நிற்க, மறுபடியும் தனியாகக் கட்டா. இந்தக் கடைசிக் கட்டாவைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். சற்றுமுன் கையில் இருந்த மணிக்கட்டின் பருமன் இன்னும் விரல்களில் இருக்கும். இழுக்கும் கை தளராது. கண் தரையைப் பார்க்காது.

முதல் வாரத்தில் ஐந்து அசைவுகள், அடுத்த வாரத்தில் ஒன்பது வரை, மூன்றாவது வாரத்தில் பதினேழு வரை, நான்காவதில் முழுவதும். பிள்ளை தடுமாறினால் அந்த வாரத்தையே திரும்பச் செய்யுங்கள். பெல்ட் தேர்வு நெருங்குகிறது என்று பெற்றோர் அவசரப்படுத்துவார்கள். பெல்ட் வாங்கிய பிள்ளையைவிட, யார் கையைப் பிடித்தாலும் பதறாத பிள்ளைதான் எனக்கு வேண்டும் என்று அவர்களிடம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

துணைவரை அடிக்கடி மாற்றுங்கள். உயரமானவர், குட்டையானவர், வியர்வையில் கை வழுக்குபவர், இடக்கைப் பழக்கமுள்ளவர் என்று எல்லோரோடும். ஒரே தம்பியோடு மாதக்கணக்கில் பழகினால், அவன் எப்போது விடுவான் என்று உங்கள் கைக்குத் தெரிந்துவிடும்.

மூன்றடிப் பயிற்சி நிதானமாக வந்தபின் கிஹோன் இப்போன் குமித்தேக்குப் போகலாம். அதில் ஒரே தாக்குதல், ஒரே தடுப்பு, ஒரே எதிர்க்குத்து. அங்கே இந்தக் கட்டாவிலிருந்து எந்தத் தடுப்பை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அது பழகிய பிறகு ஹெயான் நிடான். அதன் முதல் அசைவிலேயே இரண்டு கைகளும் ஒன்றாக மேலே எழும். துணைவரின் குத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் அந்த இரண்டாவது கை எதற்கு என்று விளங்காது. ஆகவே அதற்கும் முதல் நாளே துணைவரை எதிரில் நிறுத்துங்கள்.